எழுவாய் இல்லாத டைரி

இந்தக் கட்டுரையில் நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. அட்டையில் பள்ளிக் கட்டடம், முதல் பக்கத்தில் தாளாளரின் புகைப்படம், கடைசிப் பக்கத்தில் விடுமுறைப் பட்டியல். ஜூன் மாதம் ஃபீஸ் கட்டும்போது பெல்ட், டை, ஐ.டி. கார்டு, நோட்டு அட்டை என்று ஒரு பில் தருவார்கள். அதில் கடைசி வரி இது. தமிழ்நாட்டில் பிள்ளையைத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்த எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு பிரதி கிடைக்கும். ஸ்கூல் டைரியைத்தான் சொல்கிறேன்.

நாவல் படிக்க நேரமே இல்லை என்று சொல்லும் அம்மாக்கள்கூட இந்தப் புத்தகத்தைத் தினமும் சாயங்காலம் வாசிக்கிறார்கள். பையைத் திறந்ததும் முதலில் டிபன் பாக்ஸ், அடுத்தது டைரி. சாப்பாடு மிச்சம் இருக்கிறதா, சிவப்பு மையில் ஏதாவது இருக்கிறதா. இவ்வளவு பதற்றத்தோடு தினமும் புரட்டப்படும் புத்தகம் எங்கள் வீட்டில் வேறு இல்லை. இதற்கு ஒரு மதிப்புரையையும் நான் பார்த்ததில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே கூடினாலும், வேன் வரும் தெருமுனையோ பிறந்தநாள் வீடோ, ஒரே புகார்தான்: "ஸ்கூல்ல எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாங்க." பள்ளியில் போய்க் கேட்டால் அவர்களுக்கும் ஒரே பதில்தான்: "டைரி எழுதறோம், குரூப்ல போடறோம், எஸ்.எம்.எஸ். வருது, ஓப்பன் டே வைக்கிறோம். இதுக்கு மேல என்ன மேம் சொல்லணும்?" இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இவ்வளவு சொல்லியும் எதுவும் சொல்லப்படவில்லை என்று தோன்றுவது எப்படி? விமர்சனத்தின் பழைய கேள்விகளையே இங்கேயும் கேட்கலாம். யார் பேசுகிறார்கள், யாரிடம், யாரைப் பற்றி?

*

பள்ளியில் படித்த இலக்கணம் இங்கே கொஞ்சம் உதவுகிறது. டைரியில் வரும் வாக்கியங்களை வகைப்படுத்திப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை: "கைண்ட்லி சென்ட் டூ ஏ4 ஷீட்ஸ்." "கவர் த புக்ஸ் வித் பிரவுன் ஷீட்." "ரிவைஸ் ஏ டு எஃப்." "டுமாரோ யெல்லோ டே." எல்லாம் ஏவல். ஏவல் வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாது; தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம். இங்கே தோன்றாத அந்த எழுவாய் நான்தான். அனுப்ப வேண்டியது, அட்டை போட வேண்டியது, ராத்திரி ஒன்பது மணிக்கு மஞ்சள் கவுனுக்குக் கடை கடையாக அலைய வேண்டியது எல்லாம் நான். "கைண்ட்லி" என்பது கட்டளையின் மேல் போட்ட பிரவுன் ஷீட்.

இரண்டாவது வகை: "நெயில்ஸ் நாட் கட்." "ஹோம்வொர்க் நாட் டன்." "லேட் கமர்." இவற்றில் வினையே இல்லை, இல்லாமைதான் இருக்கிறது. நகம் பிள்ளையுடையது, ஆனால் குற்றச்சாட்டு என் பெயருக்கு. நாலு வயதுப் பிள்ளை தானாக நகம் வெட்டிக்கொள்ளாது என்று எழுதியவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை கொஞ்சம் கம்பீரமானது. சர்க்குலரில் வரும். "இட் ஹாஸ் பீன் அப்சர்வ்ட் தட் சம் பேரன்ட்ஸ்..." என்று தொடங்கும். செயப்பாட்டு வினை. கவனித்தது யார்? தெரியாது. எந்தப் பெற்றோர்? அதுவும் தெரியாது. ஆனால் படிக்கும் ஒவ்வொருவருக்கும் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று குத்தும். அதிகாரம் தன் முகத்தை மறைத்துக்கொள்ளச் செயப்பாட்டு வினையைவிட வசதியான இடம் எந்த மொழியிலும் கிடையாது.

இந்த மூன்று வகையிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பிள்ளை எழுவாயாக வரும் வாக்கியம் இல்லை. அழுதாள், சிரித்தாள், பக்கத்துப் பையனுக்குத் தன் முறுக்கில் பாதியைக் கொடுத்தாள், களிமண்ணைத் தொடப் பயந்தாள், நிலா ஏன் பகலில் தெரிகிறது என்று கேட்டாள், இன்றைக்கு யாரோடும் விளையாடவில்லை. இப்படி ஒரு வாக்கியம். பிள்ளைக்காகவே அச்சடிக்கப்பட்டு, பிள்ளையின் முதுகிலேயே ஏறி வந்து போகும் புத்தகத்தில் பிள்ளை எதையும் செய்வதில்லை.

வாட்ஸ்அப் வந்த பிறகு இது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, வேகம்தான் கூடியது. குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். நாம் கேள்வி கேட்க முடியாது, கட்டைவிரல் வேண்டுமானால் காட்டலாம். எனவே அம்மாக்கள் பள்ளி இல்லாத தனி குரூப் ஒன்று ஆரம்பிக்கிறார்கள். "ஃப்ரூட்ஸ் டேக்கு என்ன பழம் சொன்னாங்க?" "எங்க பையனுக்கு ஆப்பிள்." "எங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையே, வாட்டர்மெலன் போட்டுரலாமா?" பள்ளி எழுதிய மூலத்துக்கு உரையாசிரியர்கள் எழுதும் உரை இது. உரை மூலத்தைவிட நீளமாகப் போகிறது என்றால் மூலத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அப்புறம் புகைப்படங்கள். பிள்ளைகள் எல்லோரும் கேமராவைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள், தலையில் காகிதக் கிரீடம், பின்னால் பேனர். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துத் தன் பிள்ளையின் முகத்தைத் தேடுவார்கள். கிடைத்ததும், "ஏன் டல்லா நிக்கிறா? அழுதிருப்பாளோ?" அந்த விரித்துப் பார்த்தலில்தான் பெற்றோரின் உண்மையான கேள்வி இருக்கிறது. படத்தில் அதற்குப் பதில் கிடையாது. படம் எடுத்தது பேனருக்காக.

*

இதெல்லாம் வெறும் சலிப்பு என்றால் கட்டுரைக்கு வந்திருக்க மாட்டேன்.

என் மகள் வீட்டில் ஓயாமல் பேசுகிறவள். எல்.கே.ஜி. சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டாய்லெட் போகணும் என்றுகூடக் கேட்டதில்லை, அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இது எங்களுக்குத் தெரியவந்தது நவம்பரில், ஓப்பன் டே அன்றைக்கு. அதற்கு முன்னால் அவள் டைரியில் என்னென்ன இருந்தன? லேபிள் ஒட்டவில்லை, கர்ச்சீப் இல்லை, ரைம்ஸ் ரிவைஸ் செய்யவும், ஆன்யுவல் டே காஸ்ட்யூமுக்குப் பணம். ஆகஸ்டு மாதம் நானாகவே ரிமார்க்ஸ் பகுதியில், "பள்ளியில் எப்படி இருக்கிறாள்? சாயங்காலம் மிகவும் களைத்து வருகிறாள்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அதற்குக் கீழே பச்சை மையில் ஒரு டிக் இருந்தது. பார்த்துவிட்டோம் என்று அர்த்தம்.

ஓப்பன் டேயில் எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். பின்னால் வரிசை நிற்கிறது. ரிப்போர்ட் கார்டில் ரைட்டிங் ஏ பிளஸ், கலரிங் ஏ, ஓரல் என்ற இடத்தில் சி. ஏன் என்று கேட்டதற்கு மிஸ் சொன்னார்: "அவ வாயைத் திறக்கவே மாட்டா மேம். ஃபர்ஸ்ட் டேல இருந்தே." மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே, அவள் இல்லாத மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். டைரியின் இலக்கணம் வாய்ப்பேச்சுக்கும் வந்துவிட்டிருந்தது.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மௌனமாகிவிடுவது அடம் அல்ல, திமிர் அல்ல. அது பதற்றத்தின் ஒரு வடிவம், சீக்கிரம் கவனித்தால் சீக்கிரம் இளகும் என்று பிறகு பார்த்த மருத்துவர் சொன்னார். "எப்பலேர்ந்து?" என்று கேட்டார். "ஜூன்லேர்ந்து." "இப்பதான் சொன்னாங்களா?" மகள் இப்போது யு.கே.ஜி. மெதுவாகப் பேசுகிறாள், முதலில் ஒரு தோழியிடம், பிறகு ஆயாம்மாவிடம், கடைசியாக மிஸ்ஸிடம். ஆனாலும் அந்த ஐந்து மாதத்தை என்னால் ஒரு வாசகியாகக்கூட மன்னிக்க முடியவில்லை. நான் தினமும் படித்த புத்தகம் அது. ஒரு வரி போதும், இருந்திருக்கலாம்.

*

இங்கே மிஸ்ஸைக் குற்றவாளியாக்கிவிட்டு முடித்துக்கொள்வது எளிது. சில மாதம் கழித்து அவரை மளிகைக் கடையில் பார்த்தேன். வேலையை விட்டிருந்தார். அவரே பேச்செடுத்தார்.

"மேம், நான் ஜூலைலயே கவனிச்சேன். டைரில எழுதட்டுமான்னு கேட்டேன். அதெல்லாம் எழுத்துல போகக் கூடாது, பேரன்ட்ஸ் பயந்து டி.சி. கேட்ருவாங்க, ஓப்பன் டேல வாயால சொல்லிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"ஒரு போன் பண்ணிருக்கலாமே மிஸ்?"

"காலைல உள்ள போனதும் போனை ஆபீஸ்ல வாங்கி வச்சுருவாங்க மேம். பேரன்ட்ஸ்க்கு நம்பர் குடுக்கக் கூடாதுன்னு ரூல். முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. டைரி எழுதறதே லஞ்ச் பிரேக்லதான். ஒரே வரியைப் போர்டுல எழுதி வச்சுக்கிட்டு முப்பத்தெட்டுத் தடவை காப்பி அடிப்பேன்."

டைரிக்கு ஏன் ஆசிரியர் பெயர் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எழுதுகிற கை மிஸ்ஸுடையது, வாக்கியம் நிர்வாகத்துடையது. எழுத்தில் இருப்பது சாட்சியமாகிவிடும் என்ற பயத்தில் பிள்ளையைப் பற்றிய எதுவும் எழுத்துக்கு வருவதில்லை. நகம் வெட்டாதது எழுத்துக்கு வரலாம், அது வீட்டின் தவறு. பேசாமல் இருப்பது வரக் கூடாது, அது யார் தவறு என்ற கேள்வி எழும். அட்மிஷன் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது அந்த மௌனத்தின் வேலை. நான்கு வயதுப் பெண்ணின் மௌனமும் ஒரு நிறுவனத்தின் மௌனமும் ஒரே வகுப்பறையில் ஐந்து மாதம் இருந்திருக்கின்றன. இரண்டையும் தெரிந்து வைத்திருந்தவர், நானறிந்த வரையில், அந்த மிஸ். அவருக்கும் பேச அனுமதி இல்லை.

குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்த வழிகாட்டு நெறிகளில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்ற விகிதத்தைச் சொல்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒருவர் பார்க்கும் அறையில், ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத முதலில் ஒரு பிள்ளையை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கே நேரம் கொடுக்காமல் எழுதச் சொல்வதும் நியாயமில்லை.

*

டைரிக்கு இன்னொரு முகம் உண்டு. அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் ஆங்கிலம் வராது. மகனின் டைரியை அவர்கள் வாசிக்க மாட்டார்கள். அதற்காகவே அந்த நாலு வயதுப் பையனை டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். எல்.கே.ஜி.க்கு எதற்கு டியூஷன் என்று சிரிப்பவர்கள் உண்டு. அங்கே நடப்பதில் பாதிப் பாடம், பாதி மொழிபெயர்ப்பு. "அக்கா, நாளைக்கு ரெண்டு சார்ட் கேட்ருக்காங்க, வெள்ளிக்கிழமை லீவு" என்று டியூஷன் மிஸ் சொல்லி அனுப்புவார். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் மாதக் கட்டணத்துக்கு ஒரு துபாஷி. பிள்ளையின் தாய்மொழியில் பிள்ளையின் தாயோடு பேசாத ஒரு நிறுவனம், அந்தத் தாய் "இன்வால்வ் ஆக மாட்டேங்கிறாங்க" என்று ரிமார்க் எழுதவும் செய்கிறது. அதுவும் ஆங்கிலத்தில்.

அந்த அக்காவிடம் ஒரு முறை, "நேரா போய்த் தமிழ்ல கேளுங்களேன்" என்றேன். "பிள்ளை உள்ள இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்த வாக்கியத்தை வேறு வேறு வார்த்தைகளில் டாக்டர், வக்கீல், ஐ.டி. கம்பெனி மேனேஜர் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். நாம ஒண்ணு கேக்கப் போய் அதை நம்ம பிள்ளை மேல காட்டிட்டா? பணம் கொடுத்து வாங்கும் எந்தச் சேவையிலும் இந்தப் பயம் நமக்குக் கிடையாது. ஹோட்டலில் சாம்பார் புளித்தால் ஊருக்கே கேட்கச் சண்டை போடுகிறவர் பள்ளி வாசலில் பம்முகிறார்.

முந்தைய தலைமுறை இதைக் கேட்டால் சிரிக்கும். "கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிருங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்த வாக்கியத்தின் வன்முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட வாத்தியார் பெரும்பாலும் அடுத்த தெருவில் இருந்தார். டீக்கடையில், சந்தையில், கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டார். "உம்ம பய ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கானே, வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். டைரி இல்லை, ஆனால் பிள்ளை எழுவாயாக வரும் வாக்கியம் இருந்தது. இன்றைக்கும் அங்கன்வாடியில் இது கொஞ்சம் மிச்சமிருக்கிறது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களில் பணியாளருக்குப் பதிவேடுகள் ஏராளம், வசதிகள் குறைவு. அங்கே போகும் அம்மாக்கள் வேறு விஷயங்களுக்காகக் குறைப்படுவார்கள். ஆனால் மதியம் பிள்ளையைக் கூப்பிடப் போனால், "இன்னைக்கு முட்டையைத் தொடலக்கா, காய்ச்சல் அடிக்குதா பாரு" என்று தமிழில், முகத்தைப் பார்த்து ஒருவர் சொல்கிறார். மாதம் எவ்வளவோ கட்டி நான் வாங்க முடியாத வாக்கியம் அது.

*

பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வாசகர் வட்டத்தில் உடனே கையில் எடுக்கும் புத்தகம் டோட்டோ-சான். டெட்சுகோ குரோயானகி 1981-இல் ஜப்பானில் வெளியிட்டது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாகப் பல வீடுகளுக்கு வந்தது. ரயில் பெட்டி வகுப்பறை, சுதந்திரமான பிள்ளைகள் என்று அதைச் சிலாகிப்போம். மகள் விஷயம் தெரிந்த பிறகு நான் அதைத் திரும்பப் படித்தேன். இந்த முறை அது வேறு புத்தகமாக இருந்தது. பள்ளியும் வீடும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பற்றிய புத்தகம்.

தொடக்கத்திலேயே ஓர் ஆசிரியை அம்மாவை அழைத்துப் புகார் சொல்கிறார். டோட்டோ மேசையின் மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள், கூடு கட்டும் குருவியிடம் பேசுகிறாள். இனிமேல் இவளை வைத்துக்கொள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசிரியை தன்னை அறியாமல் நல்ல எழுத்தாளராக இருக்கிறார். அவர் புகாரில் பிள்ளைதான் எழுவாய். முழுப் பிள்ளையும் அந்தப் புகாருக்குள் உயிரோடு இருக்கிறாள். பார்த்திருக்கிறார், ஆனால் தான் பார்த்தது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிகிறது. பள்ளியை விட்டு நீக்கப்பட்ட செய்தியை மகளிடம் சொல்லாமல் வேறு பள்ளிக்குக் கூட்டிப்போகிறாள். மகளுக்கு இருபது வயதான பிறகுதான் சொல்கிறாள். எதைப் பிள்ளையின் காதில் போடக் கூடாது என்று தெரிந்த அம்மா. என் மகள் புடவையைப் பிடித்து நிற்கையில் நடந்த ஓப்பன் டேயோடு இதை ஒப்பிடாமல் என்னால் படிக்க முடியவில்லை.

புதிய பள்ளியில் தலைமையாசிரியர் கோபயாஷி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டோட்டோ பேசப் பேச நான்கு மணி நேரம் கேட்கிறார். அட்மிஷனுக்கு அம்மா அப்பாவை உட்காரவைத்து என்ன படித்திருக்கிறீர்கள், என்ன வேலை என்று விசாரிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறோம். அந்த விசாரணை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி கூடாதது என்பது வேறு கதை.

கோபயாஷி பெற்றோருக்குச் சொல்லி அனுப்பும் செய்திகள் இரண்டு என் மனதில் நிற்கின்றன. ஒன்று, மதிய உணவில் கடலில் இருந்து கொஞ்சம், மலையில் இருந்து கொஞ்சம் இருக்கட்டும். இன்னொன்று, பிள்ளைகளை இருப்பதிலேயே பழைய துணி போட்டு அனுப்புங்கள். இவையும் ஏவல்தான். ஆனால் முதலாவது எந்த வசதி உள்ள வீட்டிலும் செய்யக்கூடியது. கருவாட்டுத் துண்டும் கீரையும் இருந்தால் போதும். இரண்டாவது, பிள்ளை மண்ணில் புரளும்போது துணி கிழிந்தால் அம்மா திட்டுவாளே என்று பயப்படக் கூடாது என்பதற்காக. இரண்டு கட்டளைக்கும் பின்னால் ஒரு பிள்ளை தெரிகிறது. யெல்லோ டேக்குப் பின்னால் பேனர்தான் தெரிகிறது.

இந்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். டோமோயி பள்ளியில் இருந்தது ஐம்பது பிள்ளைகள் அளவுதான். டோட்டோவின் அப்பா வயலின் கலைஞர். ஆசிரியை சொல்லுக்கு மாற்றாக இன்னொரு பள்ளியைத் தேடிப் போகும் தைரியம் அந்த அம்மாவுக்கு இருந்தது. தையல்கார அக்காவிடம் டோட்டோ-சானைக் கொடுத்து, பாருங்கள் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

*

நல்ல மனிதர் ஒருவர் தலைமையாசிரியராக அமைவதற்காகக் காத்திருக்க முடியாது. வடிவம் மாற வேண்டும். மாறிய வடிவங்கள் உலகத்தில் இருக்கின்றன.

ஜப்பானின் குழந்தைக் காப்பகங்களில் ரென்ராகுச்சோ என்று ஒரு நோட்டு உண்டு. தொடர்பு நோட்டு. காலையில் வீட்டார் எழுதுவார்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான், காய்ச்சல் இருக்கிறதா, மனநிலை எப்படி. மாலையில் ஆசிரியர் எழுதுவார்: மதியம் எவ்வளவு நேரம் தூங்கினான், வெளிக்குப் போனானா, எதோடு விளையாடினான். இப்போது பல இடங்களில் இது செயலிக்குள் போய்விட்டது. ஆனால் இரண்டு பக்கமும் எழுதும் வடிவம் மாறவில்லை.

நியூசிலாந்தில் 1996-இல் தே ஃபாரிகி என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் வந்தது. அதை ஒட்டி மார்கரெட் கார் என்ற கல்வியாளர் உருவாக்கியது 'கற்றல் கதைகள்' என்ற முறை. மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு சிறிய கதை எழுதுகிறார். பல நேரம் பிள்ளையையே 'நீ' என்று அழைத்து எழுதுகிறார்: நீ இன்று இந்தக் கட்டைகளை அடுக்க முயன்றாய், சரிந்தது, மறுபடி அடுக்கினாய் என்கிற மாதிரி. பிறகு அதில் என்ன கற்றல் நடந்தது என்று இரண்டு வரி. வீட்டார் தங்கள் பங்குக்கு எழுதிச் சேர்க்கலாம். இலக்கிய வாசகர்களுக்கு இதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. 'ஓரல் - சி' என்பதற்கும் 'இன்று நீ பேசவில்லை, ஆனால் பாட்டு முடியும் வரை உன் கால் தாளம் போட்டது' என்பதற்கும் உள்ள தூரம்தான் தீர்ப்புக்கும் கதைக்கும் உள்ள தூரம். இரண்டாவதை எழுத ஒருவர் அந்தக் காலைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்காக அங்கெல்லாம் சொர்க்கம் என்று நம்பவும் வேண்டாம். அதே ஜப்பானின் நர்சரிகளில், அம்மா கட்டிக்கொடுக்கும் அலங்கார மதிய உணவு எப்படி அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துக் கண்காணிக்கும் கருவியாகிறது என்று மானுடவியலாளர் ஆன் அலிசன் 1991-இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டிலிருந்து எழுதும் பத்தியும் பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழும். பேச்சு இரு வழியாக இருந்தால் போதாது, எதைப் பற்றிய பேச்சு என்பதும் முக்கியம். அம்மா ஒழுங்காக இருக்கிறாளா என்று பார்க்க ஒரு நோட்டு நமக்குத் தேவையில்லை, அது ஏற்கனவே இருக்கிறது.

நம் நாட்டிலும் காகிதத்தில் எல்லாம் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரை ஒரே அடித்தள நிலை என்கிறது, பிள்ளையின் முழு வளர்ச்சியையும் காட்டும் ரிப்போர்ட் கார்டு பள்ளியையும் வீட்டையும் இணைக்க வேண்டும் என்கிறது. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் தரும் உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது. 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்கள் பெரிய அளவில் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. கூலி வேலை செய்யும் ஓர் அம்மா அங்கே தலைவியாக உட்கார்ந்து கேள்வி கேட்க முடியும். கேட்க விடுகிறார்களா என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் நாற்காலி இருக்கிறது. லட்சம் கட்டும் நம் பள்ளியில் அந்த நாற்காலி கிடையாது.

இத்தாலியின் பார்பியானா மலைக்கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர் 1967-இல் எழுதிய புத்தகம் தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. பள்ளி முன்னால் கூசி நிற்கும் ஏழைப் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது, பெற்றோருக்கு ஒரு சங்கம் வேண்டும் என்கிறார்கள் அந்தப் பையன்கள். சரியாகச் சொன்னால் தொழிற்சங்கம். 'பிள்ளை உள்ள இருக்குல்ல' என்ற பயத்துக்கு எனக்குத் தெரிந்து வேறு மருந்து இல்லை. ஒருத்தி கேட்டால் அவள் பிள்ளை மேல் காட்டலாம். முப்பத்தெட்டு வீடும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டால் யார் மேல் காட்டுவது?

எங்கள் அம்மாக்கள் குரூப்பில் போன மாதம் ஃப்ரூட்ஸ் டே பேச்சு முடிந்த பிறகு நான் ஒரு யோசனை எழுதினேன். அடுத்த ஓப்பன் டேயில் மார்க் பற்றி யாரும் கேட்க வேண்டாம். எல்லோரும் ஒரே மூன்று கேள்வியை மட்டும் கேட்போம், தமிழில். இந்த வாரம் என் பிள்ளை யாரோடு விளையாடினான்? எப்போது சிரித்தான்? உங்களிடம் கடைசியாக என்ன கேட்டான்? கூடவே, இதற்குப் பதில் சொல்ல மிஸ்ஸுக்கு நேரம் கிடைக்க வகுப்பில் இன்னொரு ஆள் போட வேண்டும், டைரியில் பிள்ளையைப் பற்றி எழுத அவருக்கு அனுமதி வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், எல்லோர் கையெழுத்தோடும்.

ராத்திரி பதினொரு மணி வரை பதில் இல்லை. அப்புறம் ஒருவர் எழுதினார்: "லெட்டர்ல ஃபர்ஸ்ட் சைன் யாரு?" நான் போடுகிறேன் என்றேன். தையல்கார அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "லெட்டர் தமிழ்ல இருக்கும்ல? அப்ப ரெண்டாவது என் பேரு போட்டுக்க."

இதுவரை பதினாறு கையெழுத்து. ஓப்பன் டே அடுத்த சனிக்கிழமை.